செம்பருத்தி வேலியைக் கொல்வது கரையான் இல்லை: எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பூங்கா வேலி ஏன் காய்கிறது என்று கூட்டத்தில் கேட்டதற்கு, கரையான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மருந்தடிக்க ஆளும் பேசிவிட்டீர்கள். அதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். கரையான் என்றால் தண்டில் மண் பூச்சு ஏறியிருக்கும், எலி அணில் என்றால் பல் தடம் தெரியும். இங்கே தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், எல்லாச் செடியிலும் ஒரே மட்டத்தில், பட்டை நார் நாராகச் சிதைந்து உள்ளே வெள்ளைக் கட்டை தெரிகிறது. புல் வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு அடித்த காயம் அது.

இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தான். சுற்றிலும் பட்டை போனால் வேர் பட்டினி. ஆனால் தண்ணீர் கட்டை வழியாக ஏறிக்கொண்டிருப்பதால் செடி கொஞ்ச நாள் பச்சையாகவே நின்று ஏமாற்றும், அப்புறம் மொத்தமாகக் காயும். மெஷின்மேல் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இதுதான். மாந்தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரில் உட்கார்ந்து இதை நான் எழுத வேண்டியிருக்கிறது!

கோடையில் போர் வற்றி, டேங்கருக்குக் காத்திருந்த நாட்களிலும், பின்வரிசைப் பாட்டிகள் அரிசி கழுவிய தண்ணீரைக் குடத்தில் சேர்த்து இடுப்பில் சுமந்துவந்து ஊற்றிய வேலி இது. அதே பாட்டி சாமிக்கு இரண்டு பூ பறித்தால் 'மீறினால் அபராதம்' பலகையைக் காட்டுகிறார் காவலாளி. தோலையே உரிக்கிற மெஷினுக்கு எந்தப் பலகையும் இல்லை. பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றும்போது மட்டும் சுற்றறிக்கை வீடு தேடி வருகிறது, கேமரா மாட்டப் பணம் இருக்கிறது, களைக்கொத்து பிடிக்க ஓர் ஆளுக்குக் கூலி இல்லை. சரி, அதை விடுங்கள்.

கேட்பது ஒன்றுதான்: வேலிக்கு ஒரு அடிக்குள் மெஷின் வரக்கூடாது. அந்த ஓரடியில் கையால் களை எடுத்து, மூலையில் கொளுத்துகிற சருகையே பரப்பலாம், தண்டில் ஒட்டாமல். அடிபட்ட செடியை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா, உயிர் இருக்கிறது. பிய்ந்த பட்டையைச் சீவிவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பு மருந்தான போர்டோ பசை தடவுங்கள். சுற்றிலும் பட்டை போனதைக் காயத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்க வாய்ப்புண்டு.

அடுத்த முறை மெஷின் வருவதற்குள் இந்த ஓரடி விஷயத்தை ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எல்லைக்குக் கயிறு கட்ட ஆளில்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கட்டுகிறேன்.

இப்படிக்கு,
பூங்காவை ஒட்டிய வரிசையில் குடியிருப்பவன்