பெயாரிங்கை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், கால் மைல் நேர்ப்பாதையில் பாயும் டிராக் (drag) பந்தயத்தில் முன்னணியில் சென்ற கார் ஒன்று எஞ்சின் பெயாரிங் பழுதாகி நின்றுபோனதாகவும், தரங்குறைந்த பெயாரிங்கே அதற்குக் காரணம் எனவும் எழுதப்பட்டிருந்தது. கிராண்ட்பாஸில் இருபத்தாறு வருடங்களாக எஞ்சின் பிரித்துப் பொருத்தும் தொழிலில் இருக்கும் நான் அந்தக் காரைப் பார்த்தவனல்லன். ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால், “பெயாரிங் சரியில்லை” என்ற அந்த ஒரு வசனத்தை நம்பி, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டாவது, மூன்றாவது கிராங்கை (எஞ்சினின் சுழல்தண்டை)த் தேடி அலையும் இளைஞர்களை அடிக்கடி காண்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் கிராங்கை பிளொக்கில் தாங்கும் மெயின் பெயாரிங்குகளும், பிஸ்டனின் கன்-ரொட் கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் என்ட் பெயாரிங்குகளும் குண்டுகள் வைத்தவை அல்ல; அவை மெல்லிய அரைவட்டத் தகடுகள். கிராங்க் அத்தகடுகளைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை, இடையிலுள்ள ஒயில் படலத்தின் மீது மிதந்தபடியே சுழல்கிறது. சுமார் 50 மி.மீ. விட்டமுள்ள ஜேர்னலுக்கு (பெயாரிங்கினுள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதிக்கு) ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். அவ்வளவுதான் அந்தப் படலத்திற்குரிய இடம். பிக் என்டுக்கு வேண்டிய ஒயில், மெயின் ஜேர்னலில் புகுந்து கிராங்கினுள் துளைத்த வழியாகவே போய்ச் சேர வேண்டும். உயர் வேகத்தில் சுழற்சியின் மையநீக்க விசையை எதிர்த்து உள்ளே புக வேண்டியிருப்பதால், அமுக்கம் குறைந்த கணத்தில் முதலில் பட்டினி கிடப்பது பிக் என்ட்தான்.

சென்ற வருடம் ஓர் இளைஞர் தம் 2000 சிசி டர்போ எஞ்சினை எட்டு மாதங்களுக்குள் மூன்றாவது தடவையாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முதல் இரண்டு தடவையும் வேறு இடங்களில் பெயாரிங்கை மாற்றி, கிராங்கைக் கடைந்து கொடுத்திருந்தார்கள்; பழைய தகடுகளை எவரும் வைத்திருக்கவில்லை. இம்முறை கழற்றியவற்றைத் துடைக்காமல், ஒழுங்கு மாறாமல் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒயில் பம்புக்கு அருகிலிருந்த முதலாம் இலக்கத் தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. பம்புக்கு மிகத் தொலைவிலிருந்த நான்காவது கருநீலமாகி, மேற்பூச்சு உருகி ஓரங்களுக்கு வழிந்து, அடியிலிருந்த செம்பு தெரிந்தது. பெயாரிங்கின் தரம் மோசமானதாக இருந்திருந்தால் நான்கும் ஒரேமாதிரிக் கெட்டிருக்க வேண்டும் அல்லவா?

தகடுகள் இப்படிப் பல செய்திகளைச் சொல்லும். கன்-ரொட்டின் மேல்தகடு மட்டும் அடிவாங்கி நசுங்கியிருந்தால், ஒயிலைத் தேடுவதைவிட இக்னிஷன் டைமிங்கையும் எரிபொருளையும் பார்ப்பதே முறை, ஏனெனில் அது நொக்கிங்கின், அதாவது எரிபொருள் முறைதவறி வெடித்தெரிவதன், அடையாளம். இரண்டு பாதிகளும் சேரும் விளிம்புகளில் தேய்வு தெரிந்தால், உயர் வேகத்தில் ரொட்டின் துளை நீண்டு பக்கங்களில் ஒடுங்குகிறது என்று பொருள். போல்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீளக் கோடுகளும் புதைந்த துகள்களும் அழுக்கைக் காட்டுவன.

அந்த இளைஞர் திரும்பத் திரும்பச் சொன்னது, டாஷ்போர்டில் ஒயில் லைட் ஒருதடவைகூட எரியவில்லை என்பதே. அந்த லைட் பொதுவாக ஒயில் அமுக்கம் 0.5 பாருக்கும் (பார் என்பது அமுக்கத்தின் அலகு) கீழே இறங்கிய பின்னர்தான் எரியும். நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும் எஞ்சின் அதற்கு வெகு முன்பே பெயாரிங்கை இழந்துவிடும். எனவே திரும்பவும் பொருத்தியபோது அமுக்கத்தைப் பதிவுசெய்யும் லொகர் ஒன்றை இணைத்து ஓட்டச் செய்தோம். புறப்படும் முன் 5 பார் இருந்தது. கிளட்ச் விட்ட ஒரு விநாடிக்குள் 1.2 பாருக்கு விழுந்து, மூன்றாம் கியரில்தான் மீண்டும் ஏறியது.

கார் புவியீர்ப்புக்குச் சமமான 1 ஜி ஆர்முடுகலில் பாய்ந்தால், எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பிலுள்ள ஒயிலின் மேற்பரப்பு 45 பாகை சாயும். ஒயில் முழுவதும் பின்சுவரில் ஏறிவிட, முன்னால் இருக்கும் பம்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். சம்பை மீண்டும் கழற்றி உட்புறத்தை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. டர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாய்க்குத் துளையிட்ட எவரோ, ஒயில் இப்படி ஓடாமல் மறிக்க உள்ளிருந்த தடுப்புத் தகட்டை இடைஞ்சல் என்று வெட்டி எறிந்திருந்தார். அரைநாள் வெல்டிங் வேலையில் தீர்ந்திருக்கக்கூடிய குறைக்காக மூன்று தடவை பெயாரிங்குகளும் கிராங்கும் பாழாகியிருந்தன. அந்தப் பிள்ளை சம்பாதித்த காசு அது என்பதை நினைக்கையில் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அமுக்கம் எந்த நேரத்தில் விழுகிறது என்பதே நோயைக் காட்டிக் கொடுக்கும். புறப்படும்போது விழுந்தால் மேற்சொன்ன காரணம். முடிவுக் கோட்டைத் தாண்டி பிரேக் பிடிக்கும்போது விழுந்தால் ஒயில் முன்பக்கம் ஓடுகிறது; உறிஞ்சு குழாய் பின்னால் இருக்கும் சம்புகளில் இதுவே நடப்பது. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் சிறிது சிறிதாக இறங்கினால் ஒயில் சிலிண்டர் ஹெட்டிலேயே தங்கி, கீழே வடியத் தாமதிக்கிறது. அமுக்கமானியின் முள் நடுங்கினால் ஒயிலில் காற்றுக் கலந்திருக்கலாம். அப்போது மேலும் ஒரு லீற்றர் ஊற்றுவது பலரது வழக்கம். அளவு மீறினால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும் என்பதால் அந்த வைத்தியம் நோயைப் பெருக்கவே செய்யும்.

பெயாரிங் போன எஞ்சினின் ஒயில் கூலரைக் கழுவித் திரும்பப் பூட்டுவதும் தவறு. அதன் நுண்வழிகளில் தங்கும் உலோகத்துகள் எந்தக் கழுவலுக்கும் முழுமையாக வெளிவராது. புதிய பெயாரிங்கின் முதல் எதிரி அதுவே. ஒயில் பில்டரையும் எறியாமல் வெட்டி, காகிதத்தை விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டுவது உருக்கு. ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் பெயாரிங்கின் பூச்சு அல்லது அலுமினியம். இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் அதன் தூளே கலந்து நம்மை ஏமாற்றும் என்பதால் வெட்டுக் கருவியே வேண்டும்.

இது ஒருவருடைய பணத்தோடு முடியும் விடயமுமல்ல. ரொட் பிளந்து பிளொக்கைத் துளைத்தால், ஒயில் ஓடுபாதையில் சிந்தி, அதே பாதையில் அடுத்ததாக வருபவரின் உயிருக்கு ஆபத்தாகிறது. அமெரிக்காவில் வேகமான டிராக் கார்களுக்கு எஞ்சினின் கீழ் ஒயிலைத் தாங்கிக்கொள்ளும் கவசத்தை அங்குள்ள டிராக் பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். நமது போட்டி ஏற்பாட்டாளர்களும் பந்தயத்திற்கு முந்திய பரிசோதனையில் அத்தகைய கவசத்தையும், முறையான ஒயில் அமுக்கமானியையும் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன். தங்கள் செய்தியாளரிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஒரு கார் இவ்வாறு நின்றால், கழற்றிய தகடுகளை யாராவது பார்த்தார்களா என்று அந்த அணியிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
கொழும்பு – 14