‘சும்மா’ என்று பதில் சொன்ன காலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அந்தக் காலத்துப் பிள்ளைப் பருவம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மரம் ஏறியதும் குளத்தில் குதித்ததும் இருட்டும்வரை வீடு திரும்பாததும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. கடைசியில் மட்டும், இன்றைய பிள்ளைகள் கைபேசியே கதி என்று கிடக்கிறார்கள் என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 68 வயது. எலும்பு முறிவு வார்டில் 31 வருடம் செவிலியராக இருந்தேன். விழுந்த பிள்ளைகளை நிறையப் பார்த்தவள்.

சின்ன வயதில் என் அம்மா என்னிடம் தினமும் கேட்டது இரண்டே கேள்விகள். “எங்கடி போனே?” “சும்மா.” “என்னடி பண்ணினே?” “ஒண்ணுமில்லே.” அதற்குமேல் அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். அந்தச் சும்மாவுக்குள் என்னவெல்லாம் இருந்தது! அண்ணனின் சைக்கிளை அவனுக்குத் தெரியாமல் எடுத்துக் குரங்குப் பெடல் பழகினேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிக்க வேண்டும். வலது முழங்காலில் அதன் வடு இன்னும் இருக்கிறது. ஒருநாள் எறும்பு வரிசை ஒன்றின் பின்னாலேயே போய், புற்றைக் கண்டுபிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. சண்டை வந்தால் தீர்த்துவைக்கப் பக்கத்தில் பெரியவர்கள் கிடையாது. ஆட்டம் நின்றுவிடுமே என்ற பயத்திலேயே சமாதானம் ஆகிவிடுவோம்.

அப்புறம், கட்டுரையில் இல்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவன் குளத்தில் மூழ்கி இறந்தான். அவன் உட்கார்ந்த இடத்தில் அந்த வருடம் முழுக்க யாரையும் ஆசிரியை உட்காரவிடவில்லை. என் அக்காவுக்கோ சும்மா திரிந்த நாளே கிடையாது. அவள் இடுப்பில் எப்போதும் ஏதாவது ஒரு கைக்குழந்தை இருக்கும். என் திரிச்சலும் 12 வயதோடு முடிந்தது. தம்பிக்கு மட்டும் நீடித்தது. அதனால் என் வயது ஆண்கள் “நாங்களெல்லாம் அந்தக் காலத்தில்...” என்று ஆரம்பித்தால், யார் யார் என்று கேட்க நாக்கு துடிக்கும்.

வார்டுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விழுந்த பிள்ளைகள் நிறைய வருவார்கள். கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டும் முழங்கையும்தான் அதிகம். பிள்ளைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. பல நேரம் முழுசாக ஒடியாது. ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் வளையும். முன்கை என்றால் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் மாவுக்கட்டைப் பிரித்துவிடலாம். கட்டு காய்வதற்குள் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “மறுபடி எப்போ ஏறலாம் சிஸ்டர்?” வருடங்கள் போகப்போக மரத்திலிருந்து விழுந்தவர்கள் குறைந்தார்கள், வண்டியில் அடிபட்டவர்கள் கூடினார்கள். அந்தப் பிள்ளைகள் எதுவும் கேட்க மாட்டார்கள்.

5 முதல் 29 வயது வரையிலானவர்களின் உயிரை உலகம் முழுக்க அதிகம் பறிப்பது சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பெற்றோரின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கண்ட வழி, வண்டியைக் கட்டிப்போடாமல் பிள்ளையைக் கட்டிப்போட்டது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைக் கணக்காகவே எடுத்தார்கள். 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். இடையில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். சாலை திருந்தியதால் அல்ல, சாலையிலேயே பிள்ளைகள் இல்லாமல் போனதால் குறைந்தது என்று ஹில்மன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் வார்டிலும் மரங்கள் ஒன்றும் திருந்திவிடவில்லையே.

வேறு வழியும் இருந்திருக்கிறது. நெதர்லாந்தில் 1971 என்ற ஒரே வருடத்தில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வதோடு நிற்கவில்லை. தெருவில் இறங்கிப் போராடினார்கள். சில குடியிருப்புத் தெருக்களில் பிள்ளைகள் விளையாடலாம், வண்டிதான் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும் என்று 1976-இல் சட்டமே வந்தது. நாமோ தெருவை வண்டிக்குக் கொடுத்துவிட்டோம். பிள்ளைக்குக் கைபேசியைக் கொடுத்தோம். இப்போது அதையே பார்க்கிறான் என்று திட்டுகிறோம்.

திட்டுகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தவள்தான், ஒளிக்கவில்லை. பத்து வயதில் என் எல்லை ஏரிக்கரை. என் மகளின் எல்லை தெருமுனை. பேரனுக்கு வாசல் கேட். மகளுக்குத் தெருமுனையில் கோடு போட்டவள் நான். இரவுப் பணி முடிந்து வருகிறவளின் கண்ணில், முந்தின ராத்திரி கொண்டுவந்த பிள்ளையின் முகம் நிற்கும். அதற்குமேல் அவளை எப்படி அனுப்புவது? என் மகள் இன்று தன் மகனுக்குச் செய்வதை அவள் என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறாள்.

பேரனுடைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பெயர் உண்டு: பள்ளி, டியூஷன், கராத்தே, கீபோர்டு. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அவன் எங்கே நிற்கிறான் என்று அம்மாவின் கைபேசிக்குச் சொல்லிவிடும். “எங்கே போனே?” என்று கேட்கவே வேண்டியதில்லை. கேட்டாலும் ‘சும்மா’ என்று சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.

போன மாதம் துணிந்து ஒரு காரியம் செய்தேன். நூலகம் மூன்று தெரு தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பெரிய சாலை. நான்கு நாள் கூடவே நடந்து, எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, திரும்பும் வண்டியை எப்படிக் கவனிப்பது என்று பழக்கினேன். ஐந்தாம் நாள் புத்தகத்தைக் கையில் கொடுத்துத் தனியாக அனுப்பினேன். அவன் கடிகாரம் அன்று சார்ஜில் கிடந்தது. போட்டது நான்தான். மகளுக்கு அது இன்னும் தெரியாது. இந்தக் கடிதம் அச்சானால் தெரிந்துவிடும். அவன் கண்ணுக்குப் படாமல் முதல் திருப்பம்வரை பின்னாலேயே போனேன். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன்.

கால் மணி நேரத்து வேலை. பத்தாவது நிமிடமே அக்கம்பக்கத்தில் யாரோ பார்த்து மகளுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவள் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள். நான் வாதாடவில்லை. அவள் இடத்தில் நின்றவள்தானே. அரை மணி ஆயிற்று. செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

நாற்பதாவது நிமிடம் கேட் திறந்தது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. பையில் ஏதோ கனமாகத் தொங்கியது, கூழாங்கல்லாக இருக்கும். சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கேட்டேன்:

“எங்கடா போயிருந்தே?”

“சும்மாதான் பாட்டி.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்