மூளைக்கும் வேண்டும் நடை

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுவதால், முதுமையிலோ ரத்தக் கொதிப்பாலோ ரத்த ஓட்டம் குறையும்போது நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி எளிதில் பாதிக்கப்படுகிறது. உடற்பயிற்சி ரத்தக் குழாய்களின் இயக்கத்தைச் சீராக்குவதோடு, நரம்பணுக்களைக் காக்கும் பி.டி.என்.எப். என்னும் புரதத்தையும் கூட்டுகிறது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியோரின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. (மாத்திரையை மறக்காத நம்மவர்கள் நடையை மட்டும் மறந்துவிடுகிறார்கள்!) நாகர்கோவிலிலோ, நடைபாதையில் இருசக்கர வாகனங்களும் கடைப் பலகைகளும் நிற்க, பெயர்ந்த சிமென்ட் பலகைகளுக்கு அஞ்சி முதியவர்கள் சாலையில் இறங்கி நடக்கின்றனர். கால்வாய்க் கரைகளிலேனும் சமதளப் பாதையும் விளக்கும் அமைத்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்