பரிசளிப்பு மேடையில் ஆசானுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

குமரி மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர்களுக்கும், நுண்கலை மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் கலைவிழாக்களுக்கும் போய் நம் பிள்ளைகள் பரிசோடு திரும்புகிறார்கள். ஆண்டு விழாவில் அவர்களைப் பாராட்டவும் செய்கிறீர்கள். அந்தப் பாராட்டைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒரு கலைவிழாவில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்த மாணவியை மறக்க முடியவில்லை. ஒரு கையில் இருந்த பத்தி என்னும் தட்டுமட்டை குடத்தின் வாயில் விழ, மறு கை அதன் வயிற்றில் தட்டிக்கொண்டே இருந்தது. கதை வேகம் எடுக்கும் இடத்தில் உடுக்கைக்காரிக்குத் தாளம் லேசாகப் பிந்தியது. இவள் தன் அடியைத் தளர்த்தி, அவள் வந்து சேர்ந்ததும் பழையபடி ஏற்றிக்கொண்டாள். முன்னால் வில்லைத் தட்டும் வீசுகோலோடு பாடிக்கொண்டிருந்தவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அத்தனை பெரிய வித்தை அது! பரிசளிப்பன்று ஒலிபெருக்கியில் வந்ததோ, 'நாட்டுப்புறக் கலை, இரண்டாம் இடம்' என்ற ஒரே வரி. அவள் என்ன செய்தாள் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அரங்கமே எழுந்து நின்றிருக்கும்.

இந்த வித்தை வகுப்பறையில் வந்ததல்ல. கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுப் பாடும் அண்ணாவிகளிடமிருந்து வந்தது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நம் மேற்குக் கடற்கரை ஊர்கள் சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டிக்கு எத்தனையோ ஆட்டக்காரர்களைத் தந்திருக்கின்றன. கல்லூரி அணியின் ஜெர்சியைப் போடும் முன்பே அந்தப் பையன்களின் காலுக்குப் பந்தைப் பழக்கியவர்கள் ஊர் கிளப்பின் மூத்த ஆட்டக்காரர்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கம்பையும் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையையும் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் நம் ஊர் ஆசான்மார். பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தும்போது இவர்களும் மேடையில் இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணியோடு வெளியூர் போய் வருகிறவர்களுக்கு வருகைப்பதிவு குறைகிறது, இன்டர்னல் தேர்வு தவறிப்போகிறது. மறுதேர்வுக்காக அவர்கள் துறை துறையாக அலையாமல் நீங்களே தேதி குறித்துக் கொடுங்கள். கோப்பையை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் கல்லூரிக்கு இந்தக் கடமை உண்டு.

விழாவுக்கு நாள் குறித்ததும் பரிசு பெறும் ஒவ்வொருவரிடமும், "யாரிடம் படித்தாய்?" என்று கேளுங்கள். சொல்லும் பெயருக்கு அழைப்பிதழ் அனுப்புங்கள். கடலுக்குப் போகிறவராக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கட்டாயம் வருவார்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஒரு முன்னாள் மாணவி