14 மாதத்தில் நின்றுபோன இயந்திரம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் தாமதம். படிக்க முடிந்ததும் முதலில் எடுத்தது உன் கடிதத்தைத்தான்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் 14 மாதத்திலேயே நின்றுவிட்டது, கடைக்காரர் "கம்பெனி வாரண்டி ஒரு வருடம்தான்" என்று கைவிரித்துவிட்டார், புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு வாங்கிவிடாதே.

நீ இருக்கும் ஜெர்மனியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டே. 'கரான்டீ' என்பது தயாரித்தவர் தாமாக விரும்பித் தருவது; எத்தனை மாதம் என்பது அவர் இஷ்டம். 'கெவேர்லைஸ்டுங்' என்பது விற்றவர் தலைமேல் சட்டம் வைத்திருக்கும் பொறுப்பு. புதுப் பொருளுக்கு அது 2 வருடம். 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி, 2019இல் புதுப்பிக்கப்பட்டது. "கம்பெனியைப் போய்க் கேளுங்கள்" என்று கடைக்காரர் இதிலிருந்து நழுவ முடியாது. உன் பில்லில் இருப்பது கடையின் பெயர்தானே? முதலில் பழுதுபார்த்துத் தரும்படியோ வேறு மாற்றித் தரும்படியோ கேட்கலாம். அது நடக்காவிட்டால்தான் பணத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். முதல் 12 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. அதைத் தாண்டிவிட்டால் நிரூபிக்கும் பாரம் உன் பக்கம் வந்துவிடும். அதனால் நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு, எந்தப் பாகம் போனது, அது தயாரிப்பிலேயே இருந்த குறையா என்று எழுதி வாங்கிக்கொள்.

இதே இயந்திரத்தை எல்லை தாண்டி பிரான்சில் வாங்கியிருந்தால் இந்தக் கவலையே இல்லை. அங்கே 2 வருடம் முழுக்க நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. ஸ்பெயினில் 2022 முதல் சட்டப்பூர்வ காலமே 3 வருடம். ஒன்றியத்தில் சேராத நார்வேயில், நெடுநாள் உழைக்க வேண்டிய பொருளுக்கு 5 வருடம். ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே இயந்திரத்துக்கு நாட்டுக்கு நாடு ஆயுள் மாறுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அமெரிக்காவில்தான் வாங்குபவருக்கு உரிமை அதிகம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அங்கே எதையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா? அது பெரும்பாலும் கடைகளின் வழக்கம். குறையில்லாத பொருளைக் கடை திரும்ப வாங்கியே தீர வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. 1975இல் வந்த வாரண்டிச் சட்டமும் வாரண்டி கொடு என்று கட்டாயப்படுத்தவில்லை. எழுத்தில் கொடுத்தால் தெளிவாகக் கொடு என்கிறது. வேறு கம்பெனி உதிரிபாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது.

எனக்கு மனநிறைவு தந்தது ஆஸ்திரேலியா. 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் மாதக்கணக்கே கிடையாது. அந்த விலைக்கு, அந்த வகைப் பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டுமோ அவ்வளவு காலம். குறை பெரிதாக இருந்தால் பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர்தான். கணினி விளையாட்டுகளை விற்கும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம், விற்ற விளையாட்டுகளுக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம் என்று தன் விதிகளில் எழுதி வைத்திருந்தது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதை ஏற்காமல் 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இங்கே இந்தியாவில் போன மாதம் ஒரு ஹெட்போன் வாங்கினேன், நாலே நாளில் ஒரு பக்கம் கேட்கவில்லை. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள். எத்தனை பேர் அந்த அச்சடித்த வரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போயிருப்பார்கள் என்பதுதான் மனதை உறுத்தியது.

தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாயே, கடையில் வாங்கிய கோட்டு பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் திருப்பலாமா என்று. முடியாது என்று சொல். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த 14 நாள் ஆன்லைனிலோ போனிலோ வாங்குவது போன்றவற்றுக்குத்தான். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதால் கிடைத்த உரிமை அது. கடையில் போட்டுப் பார்த்து வாங்கியதை, கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் திருப்ப முடியும்.

உனக்கு 2 வருடம் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஆனாலும் தள்ளிப்போடாதே. கடைக்கு எழுத்தில் கொடு, தேதி போட்டு. நகல் ஒன்றை வைத்துக்கொள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது. அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா என்றும் எழுது.

அன்புடன்,
முரளி