மூன்றாவது சாட்சி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. திட்டாதே. தை பிறந்ததிலிருந்து ஒரே கல்யாணமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த முட்டிவலியோடு எத்தனை பந்தியில்தான் உட்காருவது!

முதலில் காயல்பட்டினம். என்னோடு வேலை பார்த்தவரின் மகளுக்கு நிக்காஹ். நான் பெண்கள் பக்கம், மணப்பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவளுடைய வாப்பா இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். மாப்பிள்ளை பெயரையும், அவர் தரப்போகிற மஹர் தொகையையும் சொல்லி, "சம்மதமா?" என்று கேட்டார். அவள் குனிந்தபடியே "சம்மதம்" என்றாள். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது. அந்த மஹரும் பெண்ணுக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. அப்புறம், அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். அதனால் வழியனுப்பும் அழுகை கிடையாது. பெண்ணின் அம்மா களறி விருந்துச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. என்னை யாருடி கேட்டார்கள்? ஐயர் கை காட்டினார், கெட்டிமேளம் முழங்கியது, முதல் முடிச்சு இவர், மற்ற இரண்டும் நாத்தனார். நான் வேண்டாமென்று கத்தியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஏழடி நடந்தோமே, அந்த ஏழாவது அடி மந்திரத்துக்கு 'எனக்குத் தோழியாக இரு' என்று பொருளாம். முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் மறுநாளே இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டிருப்பேன்.

நீ கொடுத்துவைத்தவள். மைக்கைப் பிடித்து நீயே உறுதிமொழி வாசித்தாய், உன் மாமியார் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக ஐயரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம்தானே. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும் என்றார்களே, "இவள் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் கல்யாணம் செல்லுபடியானது" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்தது கோட்டயம். சிரோ மலபார் கத்தோலிக்கக் குடும்பம். பாதிரியார் எல்லார் முன்னாலும் இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்டார். அங்கேயும் தாலி உண்டு, மின்னு என்கிறார்கள். இலை வடிவப் பொன்னில் சிறு மணிகளால் ஆன சிலுவை. அதைக் கோர்க்கிற நூல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார் தருகிற மந்திரகோடிப் புடவையிலிருந்து உருவிய ஏழு இழை. நல்ல பட்டில் நூல் உருவ எனக்கு மனசு வராது, போ.

கோட்டயத்துக்கு நீ ஏன் போனாய் என்று கேட்பாய். அது என் மாப்பிள்ளையாகப் போகிறவனுடைய தங்கை கல்யாணம். ஆமாம், என் பெண் முடிவு செய்துவிட்டாள். அவனும் மதம் மாறப்போவதில்லை, இவளும் மாறப்போவதில்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு. நோட்டீஸ் கொடுத்தாயிற்று, பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்க வேண்டும். இவருக்கு அதுதான் பெரிய குறை, ஊரில் யார் கண்ணிலாவது பட்டுவிடுமாம். அவன் அம்மாவுக்கு மின்னு வேண்டும், இவருக்கு மஞ்சள் கயிறு வேண்டும். "இரண்டையும் கட்டட்டும், ஆனால் பதிவு முடிந்த பிறகு" என்கிறாள் பெண்.

நான் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வேறு எந்தச் சடங்கும் விருப்பம்தான். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக, தங்களுக்குப் புரிகிற மொழியில், வாய்விட்டுச் சொன்னால்தான் கல்யாணம். கேட்டுக்கொண்டிருக்க அதிகாரியும் மூன்று சாட்சிகளும் வேண்டும்.

அவன் பக்கம் ஒருவர், இவருடைய தம்பி ஒருவர். மூன்றாவது நீ. சித்திரையில் தேதி சொல்கிறேன், ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

உன் பழைய பெஞ்சுத் தோழி