டேங்க் கணக்கில் கூலி, மூடி கணக்கில் மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பருத்திக் காய்ப்புழுவுக்குப் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை மருந்தை எப்படித் தெளிக்க வேண்டும் என்று உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, காலணி எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. வரிக்கு வரி ‘விவசாயி இதைச் செய்ய வேண்டும், விவசாயி அதைச் செய்ய வேண்டும்’ என்றும் இருந்தது. எங்கள் ஊரில் மருந்து வாங்குவது காட்டுக்காரர், அதாவது நிலத்துக்காரர்; அடிப்பது நான். பெரம்பலூர் மாவட்டத்தில் 19 ஆண்டுகளாகக் கூலிக்கு மருந்து அடிக்கிறேன். என்னை அந்தக் குறிப்பில் தேடிப் பார்த்தேன், எங்கும் காணோம். அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கூலி, டேங்க் கணக்கு. 16 லிட்டர் தெளிப்பானில் ஒரு டேங்க் அடித்தால் இவ்வளவு என்று பேச்சு. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பைரித்ராய்டு வகையில் ஒன்றான லாம்ப்டா சைஹலோத்ரின் 5 சதவீத மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக் காய்ப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 300 முதல் 500 மில்லி, அதற்கு 400 முதல் 600 லிட்டர் தண்ணீர். ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்; அப்படியானால் ஏக்கருக்குக் கூடிப்போனால் 200 மில்லி. தண்ணீர் 200 லிட்டர் என்று வைத்தால் பன்னிரண்டரை டேங்க். டேங்க்குக்கு 16 மில்லி. பன்னிரண்டரை டேங்க்குக் கூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? “ஆறு டேங்க்கில் முடித்துவிடு, மருந்தை மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்” என்பார் காட்டுக்காரர், குழம்புக்கு உப்புச் சொல்வதுபோல. ஹெக்டேர் அளவை ஏக்கருக்கு என்று நினைத்து முழுப் பாட்டிலையும் ஒரே ஏக்கரில் கவிழ்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஹெக்டேரில் நிலம் வைத்திருப்பவர் யாரும் இல்லை. பாட்டில் சீட்டு மட்டும் ஹெக்டேரில் பேசுகிறது, அதுவும் எறும்பு எழுத்தில்.

அளவு என்று எங்களிடம் இருப்பது பாட்டில் மூடி. போன ஆண்டு, இருமல் மருந்தோடு வந்த அளவுக் குவளையை வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த மூன்று மூடிகளில் தண்ணீர் பிடித்து அளந்து பார்த்தேன். ஒன்றில் 10 மில்லி. இன்னொன்றில் 20க்குச் சற்று மேல். மூன்றாவது 30ஐத் தொட்டது. மூன்றுக்கும் எங்கள் வாயில் ஒரே பெயர்: ‘ஒரு மூடி’. (அந்தக் குவளை இப்போது என் மருந்துப் பையில் இருக்கிறது. இனி அடுக்களைப் பக்கம் போகாது.)

தூக்கலாகப் போட்டால் புழு அதிகம் சாகும் என்பது நினைப்பு. இந்த வகை மருந்து செடிக்குள் ஏறாது. புழுவின் உடம்பில் பட வேண்டும், அல்லது மருந்து பட்ட பாகத்தைப் புழு தின்ன வேண்டும். ஆறு டேங்க்கில் ஏக்கரை முடிக்க வேண்டுமானால் நான் ஓட வேண்டும். ஓடினால் மேல் இலைதான் நனையும், கீழ்க்கிளைக் காய் உலர்ந்தே நிற்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ முட்டையை விட்டு வந்த கையோடு பூவுக்குள், காய்க்குள் புகுந்துவிடும். புகுந்த பிறகு மூடிமேல் மூடியாக ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பெண் அந்துப்பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ஒரு பொறியில் எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால் அடிக்கலாம் என்கிறார்கள். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பொறி வைத்திருப்பவர் இரண்டே பேர். மற்றவர்களுக்குப் பக்கத்துக் காட்டில் தெளிப்பான் சத்தம் கேட்டால் போதும்.

செடி சிறிதாக இருக்கும்போதே இதை அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அப்போது முதலில் சாவது பொறிவண்டும் சிலந்தியும். இலைக்கு அடியில் இருக்கும் வெள்ளை ஈ தப்பித்து, தின்ன ஆள் இல்லாமல் பெருகிவிடும். பிறகு கடைக்கு ஓடி இன்னொரு பாட்டில். இரண்டையும் ஒரே வாளியில் கலக்குவது.

அந்த வாளியால்தான் நான் ஒருமுறை படுத்தேன். 2021 கார்த்திகை, செடி என் நெஞ்சு உயரம். நான் போவதற்குள் காட்டுக்காரர் கலந்து வைத்துவிட்டார். வெள்ளைவெளேரென்று பால் மாதிரி இருந்தது. என்ன மருந்து என்று கேட்டேன். “புழு மருந்துதான், அடி” என்றார். இரவு எட்டு மணிக்கு, மிளகாய் அரைத்த கையால் தடவியதுபோல முகம் எரிந்தது. பிறகு வாந்தி, கண்ணில் நீர், நிற்காத எச்சில். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து?” எனக்குத் தெரியவில்லை. காட்டுக்காரருக்கு போன் போட்டு, அவர் மாட்டுக்கொட்டகையில் பாட்டிலைத் தேடி எடுத்துப் பெயரைப் படித்துச் சொல்ல அரைமணி நேரம் ஆனது. ஒன்று சைபர்மெத்ரின், மற்றது புரோபெனோபாஸ். முக எரிச்சல் முதலாவதன் வேலை, அதற்கென்று முறிமருந்து கிடையாது, பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும் என்றார் டாக்டர். இரண்டாவது ஆர்கனோபாஸ்பரஸ் என்ற, நரம்பைத் தாக்கும் வகை, அதற்கு அட்ரோபின் ஊசி போட வேண்டும். பெயர் தெரிந்த பிறகுதான் ஊசி ஏறியது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்; அதே ஆண்டு எங்கள் மாவட்டத்திலும் உயிர் போனது. அந்த இரவு முழுவதும் அதுதான் நினைவில் ஓடியது.

இப்போது என் எதிரில் பாட்டிலைத் திறந்தால்தான் டேங்க்கைத் தோளில் ஏற்றுவேன். சீட்டை போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இரண்டு மருந்தைக் கலப்பதாக இருந்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். நாலு மணிக்கு மேல்தான் இறங்குவேன்: வெயில் தாழ்ந்தால் இந்த மருந்துக்கு வேகம் அதிகம், தேனீ நடமாட்டமும் குறைந்துவரும். காற்று முகத்தில் அடித்தால் வேலை நாளைக்குத்தான். முகத்தில் துண்டு கட்டுவதை விட்டுவிட்டேன். நனைந்த துண்டு மருந்தைத் தோலோடு ஒட்டவைக்கிறது. அதிலேயே வியர்வையும் துடைப்போம். டேங்க் கழுவிய தண்ணீரைக் குட்டையில் விட்டால் மறுநாள் மீன் மிதக்கும், அதனால் காட்டிலேயே தெளித்துவிடுகிறேன். அடித்த காட்டில் 21 நாள் பஞ்சு எடுக்கக் கூடாது என்று சீட்டில் இருக்கிறது. பஞ்சு எடுக்கப் போகிற பெண்களுக்கு அதை யார் சொல்கிறார்கள்? என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. நான் அடித்த தேதி எனக்குத் தெரியும் என்பதால் அவளுக்கு மட்டும் தெரிகிறது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை மருந்து அளவைப் போடும்போது ஹெக்டேரை விட்டுவிட்டு, ஏக்கருக்கு எத்தனை டேங்க், டேங்க்குக்கு எத்தனை மில்லி என்று பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி எடுத்துத் தெளிப்பானில் ஒட்டிக்கொள்வோம்.

கூலி விஷயத்தை நாங்களே பேச ஆரம்பித்திருக்கிறோம். அரை நாளுக்கு இவ்வளவு, டேங்க் எத்தனை ஆனாலும் சரி என்று மூன்று காட்டுக்காரர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒருவர் காட்டில் ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க் நிதானமாக நடந்து அடித்தேன். மருந்து பாதிப் பாட்டில் மிச்சம். மூன்றாமவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஐப்பசி வரப்போகிறது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கூலிக்கு மருந்து அடிப்பவன்,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம். அந்த மூன்றாமவரும் உங்கள் வாசகர்தான்.)